ஈயா, மீனா, சுண்டெலியா? வளர்ச்சியையும் நோயையும் ஆராய எந்த உயிரியைத் தேர்ந்தெடுப்பது

நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கியவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். "வளர்ச்சி உயிரியல் பிடிக்கும். நோயோடு தொடர்புள்ள வேலையாகவும் இருக்க வேண்டும். ஓர் இடத்தில் பழ ஈ லேப், இன்னொரு இடத்தில் ஜீப்ரா மீன், மூன்றாவது இடத்தில் எலி. எங்கே சேர்வது?" கேட்கும்போதே பாதி முடிவு எடுத்திருப்பார்கள்: எலிதான் மனிதனுக்குக் கிட்ட, அதனால் எலிதான் உசத்தி. ஈயை வைத்து பிஎச்.டி. செய்கிறேன் என்று வீட்டில் எப்படிச் சொல்வது என்ற கவலை வேறு.

என் கட்சி வேறு. மனிதனுக்கு எவ்வளவு கிட்ட என்பதைக் கடைசியில் பார்த்தால் போதும். உங்கள் கேள்வி எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு மரபணு கொடுக்கும் கட்டளையைப் பற்றியதா, ஒரு செல் எடுக்கும் முடிவைப் பற்றியதா, ஓர் உறுப்பு வடிவம் பெறுவதைப் பற்றியதா? பொத்தாம்பொதுவாகப் பேசினால் பிடிபடாது. அதனால் பிறவி இதயக் குறைபாட்டை எடுத்துக்கொள்வோம். பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு இதயத்தில் ஏதோ ஒரு குறை இருக்கிறது. அது கருவில் எப்படி உண்டாகிறது என்று தேட விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு, புழு, ஈ, மீன், எலி, மனிதச் செல் என்ற ஐந்து வழிகளையும் நிறுத்துப் பார்க்கலாம்.

## கிட்ட இருந்தால் மட்டும் போதாது

தாலிடோமைடு 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. தூக்கத்துக்கும் மசக்கை வாந்திக்கும் கொடுத்தார்கள். 1961 கடைசியில் திரும்பப் பெறுவதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்துவிட்டார்கள். இதயக் குறைபாடுகளும் இருந்தன. அதே மருந்தைக் கர்ப்பமான சுண்டெலிக்குக் கொடுத்தால், குட்டிகளின் கைகால்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. முயலுக்கு ஆகும்.

காரணம் பிடிபட அரை நூற்றாண்டு ஆனது. மருந்து செரிப்ளான் என்ற புரதத்தில் போய் ஒட்டுகிறது என்று 2010இல் ஜப்பானியக் குழு ஒன்று காட்டியது. அதற்குக் கைகொடுத்தவை மீன் கருவும் கோழிக் கருவும். செரிப்ளானில் மருந்து ஒட்டியதும், கைகால் வளர்ச்சிக்குத் தேவையான சால்4 என்ற புரதம் தவறுதலாக அழிக்கப்படுகிறது என்பது 2018இல் தெரிந்தது. சால்4 மரபணுவில் பிறவியிலேயே குறை உள்ளவர்களுக்கும் கையில் ஒத்த குறைபாடு வருவது அப்போதுதான் பொருந்திவந்தது. சுண்டெலியின் செரிப்ளானில் முக்கியமான இடத்தில் ஓர் அமினோ அமிலம் வேறு. பாலூட்டி என்ற உறவு அங்கே எந்த உதவியும் செய்யவில்லை.

## எதை வைத்து எடை போடுவது

உறுப்பு இருக்கிறதா. சொல்லத் தேவையில்லாதது போலத் தோன்றும். ஆனால் நேர்முகத் தேர்வில் இதில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. மீனின் இதயத்தில் இரண்டே அறைகள். இடது வலது அறைகளுக்கு நடுவே சுவர் கிடையாது. இதயச் சுவரில் ஓட்டை விழுவதுதான் குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் குறை. சுவரே இல்லாத மீனில் அந்த ஓட்டையைத் தேட முடியாது.

எத்தனை தலைமுறை தேவை. ஒரு தலைமுறைக்கு எவ்வளவு நாள் என்று எல்லோரும் பார்ப்பார்கள். உங்கள் சோதனைக்கு எத்தனை தலைமுறை வேண்டும் என்பதால் பெருக்கிப் பார்ப்பவர்கள் குறைவு. ஜே.ஆர்.எஃப். இரண்டு, எஸ்.ஆர்.எஃப். மூன்று, ஆக உதவித்தொகை ஐந்தே ஆண்டு.

அனுமதி. முதுகெலும்பிகளில் வேலை என்றால் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு முன் போக வேண்டும். அதற்கு மேலே 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த, விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் சி.சி.எஸ்.இ.ஏ. என்ற குழு இருக்கிறது. ஈக்கும் புழுவுக்கும் இந்தச் சடங்கு இல்லை. ஆனால் மரபணு மாற்றிய எதற்கும், அது ஈயே ஆனாலும், உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இது பலருக்கு லேபில் சேர்ந்த பிறகுதான் தெரிகிறது.

பராமரிப்பு. யார் தீனி போடுவது, கரண்ட் போனால் என்ன ஆகும், லீவில் யார் பார்ப்பது. இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வரிகூட இருக்காது.

## சி. எலிகன்ஸ் புழு

ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி போன்ற உடல், மூன்று நாளில் ஒரு தலைமுறை. சிட்னி பிரென்னர் 1960களில் இதைக் கையில் எடுத்தார். ஜான் சல்ஸ்டன் குழுவினர் ஒற்றைக் கருமுட்டையிலிருந்து ஒவ்வொரு செல்லும் எங்கே போகிறது என்று வரைபடமே போட்டுவிட்டார்கள். இருபாலினப் புழு வளரும்போது 1,090 உடல் செல்கள் பிறக்கின்றன. அவற்றில் 131 செல்கள், எப்போதும் அதே 131, செத்துப்போகின்றன. மிச்சம் 959.

அந்தச் சாவு திட்டமிட்ட சாவு. அதை நடத்தும் மரபணுக்களை ராபர்ட் ஹார்விட்ஸ் தேடிப்போனார். சாவைத் தடுக்கும் செட்-9 என்ற மரபணுவைப் படித்துப் பார்த்தால், மனிதரின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் கட்டுமீறி வேலை செய்யும் பி.சி.எல்.2வின் உறவுக்காரன். மூவருக்கும் 2002இல் நோபல்.

இதயம்? கிடையாது. ஆனால் இதயத் தசையைப் போலவே ஓயாமல் சுருங்கி விரியும் தொண்டைத் தசை இருக்கிறது. அதற்குத் தேவையான செ-22 என்ற மரபணு கெட்டுப்போன புழுவில், மீனின் இதய மரபணு ஒன்றைச் செலுத்தினால் தொண்டை திரும்ப வேலை செய்கிறது. செல் சாவு, செல் பிரிவு, வயதாவது, நரம்பு என்று கேள்வி ஒற்றைச் செல் மட்டத்தில் இருந்தால் புழுவை மிஞ்ச ஆளில்லை. உறைய வைத்து வருடக்கணக்கில் வைத்திருக்கலாம் என்பது கூடுதல் வசதி. ஆனால் இதய அமைப்பைப் பற்றிக் கேட்பவருக்கு இது இடமில்லை.

## பழ ஈ

ஈயின் இதயம் முதுகோரம் ஓடும் ஒரு குழாய். அறை இல்லை, ரத்தநாளங்களின் வலை இல்லை. இதில் என்ன கற்பது என்று தோன்றும். டின்மேன் என்ற மரபணு இல்லாத ஈக் கருவில் இதயமே உருவாவதில்லை என்று 1993இல் தெரிந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த மனித மரபணு என்.கே.எக்ஸ்.2-5. மேலறைச் சுவரில் ஓட்டையும் துடிப்புக் கடத்தலில் தடையும் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பங்களில் அந்த மரபணு பழுதாகியிருப்பது 1998இல் வெளியானது. ஐந்தே வருட இடைவெளி. குழாய் எப்படி வளைந்து நான்கறை ஆகிறது என்று ஈ சொல்லாது. "இந்தச் செல் இனி இதயம்" என்ற உத்தரவை யார் போடுவது என்று சொல்லிவிட்டது.

ஈயின் பலமே இதுதான். உத்தரவுகளின் சங்கிலியைக் கண்டுபிடிக்க அதைப்போல் வேறில்லை. நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் வீஷாஸும் 1980இல் ஈக் கருக்களின் உடல் கட்டமைப்பைக் குலைக்கும் மரபணுக்களைத் தேடிப் பிடித்தபோது கிடைத்தவற்றில் ஒன்று ஹெட்ஜ்ஹாக். மனிதக் கருவில் அதன் இணை மரபணு சரியாக வேலை செய்யாவிட்டால் முன்மூளை இரண்டாகப் பிரியாமல் நின்றுவிடுகிறது. வளர்ந்தவரின் தோலில் அதே பாதையின் கடிவாளம் அறுந்தால் அடித்தளச் செல் புற்றுநோய். அந்தப் பாதையைத் தடுக்கும் விஸ்மோடெகிப் மருந்துக்கு 2012இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. வளர்ச்சிக் கோளாறும் புற்றுநோயும் ஒரே பாதையின் இரண்டு பழுதுகள் என்பதை ஒரு புழுப் பருவ ஈயின் தோல் வழியாகத்தான் எட்டினார்கள்.

25 டிகிரியில் பத்து நாளில் அடுத்த தலைமுறை. எந்தத் திசுவில் எந்த மரபணு எப்போது அணைய வேண்டும் என்று நீங்களே சொல்லும் அளவுக்குக் கருவிகள் உண்டு. அதற்காக 1993இல் வந்த கால்4 முறை இன்றும் எல்லா ஈ லேபிலும் புழங்குகிறது. தேவையான ஈ வகைகள் அமெரிக்காவின் ப்ளூமிங்டன் சேமிப்பகத்திலிருந்து தபாலில் வரும்.

சரி, மறைந்திருக்கும் செலவு? முதல் செலவு உங்கள் காலையும் மாலையும். கலப்புக்குப் பெண் ஈ இணைசேராததாக இருக்க வேண்டும். 25 டிகிரியில், கூட்டிலிருந்து வெளிவந்து எட்டு மணி நேரத்துக்குள் பிடித்தாக வேண்டும். காலையில் வந்ததும் குப்பிகளைக் காலி செய்து, சாயங்காலம் வந்து பொறுக்க வேண்டும். கார்பன் டை ஆக்ஸைடு வரும் திண்டில் ஈக்களை மயக்கிப் போட்டு, நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாக ஒதுக்க வேண்டும். வெளிறிய உடல், வயிற்றின் ஓரத்தில் தெரியும் சின்னக் கரும்புள்ளி: அதுதான் இப்போதுதான் வெளிவந்தது என்பதற்கு அடையாளம். இந்த வேலையை ரசிப்பவர்கள் இருக்கிறார்கள், மூன்று மாதத்தில் வெறுத்துப்போகிறவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாவது, புழுவைப் போல ஈயை எளிதில் உறைய வைத்துப் பாதுகாக்க முடியாது. நூற்றுக்கணக்கான வகைகளை உயிரோடு, குப்பி மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். உணவில் உண்ணி புகுந்துவிட்டால் லேப் முழுக்கத் தலைவலி. நம் ஊர்க் கோடையில் இன்குபேட்டர் நின்றால், 30 டிகிரிக்கு மேலே ஆண் ஈக்கள் மலடாகிவிடும்.

## ஜீப்ரா மீன்

கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து ஓடைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் திரியும் மீன் இது. 1822இலேயே ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் விவரித்து வைத்தார். நூற்றைம்பது வருடம் கழித்து அமெரிக்காவின் ஓரிகனில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் அதை ஆய்வு மீனாக்கினார். இன்று ஹைதராபாத் சி.சி.எம்.பி., தில்லி ஐ.ஜி.ஐ.பி. போன்ற ஆய்வு நிறுவனங்களில் அதன் தொட்டிகள் உண்டு. நம் ஊர் மீன் வெளிநாடு போய்ப் பேர் வாங்கிக்கொண்டு திரும்பிய கதை.

முந்தைய சாயங்காலம் ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில், நடுவே தடுப்பு வைத்து விடுவார்கள். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால் சிறிது நேரத்தில் முட்டை விழும். அடியில் உள்ள சல்லடை வழியாக முட்டைகள் கீழே போய்விடும், இல்லாவிட்டால் பெற்றோரே தின்றுவிடும். டீ வடிகட்டியில் அள்ளி, அலசி, அகார் வரப்பில் வரிசையாக அடுக்கி ஊசி போடத் தொடங்க வேண்டும். முக்கால் மணி நேரத்தில் முதல் செல் பிரிந்துவிடும், அதற்குள் முடிக்க வேண்டும். மறுநாள் காலை நுண்ணோக்கியில் வைத்தால் இதயம் துடிப்பது தெரியும். வெட்டத் தேவையில்லை, சாயம் ஏற்றத் தேவையில்லை. அறை பிரிவதையும் வால்வு முளைப்பதையும் உயிரோடு பார்க்க வேறு எந்த முதுகெலும்பியிலும் இவ்வளவு வசதி இல்லை.

இன்னொரு வசதியும் உண்டு. ட்ரோபோனின் டி என்ற இதயத் தசைப் புரதம் பழுதான மீன் கருவில் இதயம் துடிக்கவே துடிக்காது. ஆனாலும் கரு சில நாள் உயிரோடிருக்கும். அவ்வளவு சின்ன உடலுக்குத் தண்ணீரிலிருந்து நேரே ஊடுருவும் ஆக்ஸிஜனே போதும். எலிக் கருவானால் அந்நேரம் செத்திருக்கும், நீங்கள் பிணத்தைத்தான் ஆராய்ந்திருப்பீர்கள். வளர்ந்த மீன் கீழறையின் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி எடுத்தாலும் இரண்டு மாதத்தில் வளர்த்துக்கொள்கிறது என்று 2002இல் காட்டினார்கள். சுண்டெலிக்கு இது பிறந்த முதல் சில நாள் மட்டும்தான் முடிகிறது.

இனிக் கசப்பான பக்கம். "மீன் வேகம்" என்பது பாதி உண்மை. கரு வேகம், தலைமுறை வேகமில்லை. முட்டையிடும் வயதுக்கு வர மூன்று மாதம், ஏறக்குறைய எலியளவு. மரபணுவை வெட்டி மாற்றும் கிரிஸ்பரை ஊசியால் போட்ட மீன்களில் செல்லுக்குச் செல் மாற்றம் வேறுபடும். அவற்றை வளர்த்து, அடுத்த தலைமுறையைப் பெற்று, அதையும் வளர்த்துக் கலந்தால்தான் இரு பிரதியும் கெட்ட கரு கைக்கு வரும். ஆறு மாதத்துக்குக் குறையாது, மீன் நோய்வாய்ப்பட்டால் இன்னும் கூடும்.

அப்புறம் பழைய சமாச்சாரம் ஒன்று. மீன்களின் மூதாதை ஒன்றில் மரபணுத்தொகுதி முழுவதும் இரட்டித்துவிட்டதால் பல மரபணுக்களுக்கு இரண்டு பிரதிகள். ஒன்றை நீக்கினால் மற்றது ஈடுகட்டும். தாய் முட்டையில் வைத்துவிட்ட ஆர்.என்.ஏ. முதல் நாள்களின் குறையை மறைக்கும். மரபணுவைத் தொடாமல் அதன் வேலையை மட்டும் தற்காலிகமாக நிறுத்தும் மார்ஃபோலினோ என்ற தடுப்பானைச் செலுத்திக் கண்ட பல விளைவுகள், மரபணுவையே நீக்கிய மீன்களில் காணவில்லை என்று 2015இல் பெரிய சர்ச்சை ஆனது. சிலவற்றில் மார்ஃபோலினோதான் தப்பு. சிலவற்றில் நீக்கம் செய்த மீன் வேறு மரபணுக்களை முடுக்கிச் சமாளித்திருந்தது. ஆகவே பழைய மீன் கட்டுரையை நம்பித் திட்டம் போடும் முன், அது மார்ஃபோலினோவா, மரபணுவையே மாற்றிய மியூட்டன்டா என்று பார்த்துவிடுங்கள்.

## சுண்டெலி

நான்கறை இதயம், சுவர், நஞ்சுக்கொடி, நோயெதிர்ப்பு எல்லாம் உண்டு. இதயச் சுவர் ஓட்டை எப்படி விழுகிறது என்பதுதான் கேள்வி என்றால் வேறு வழியில்லை, எலி லேபுக்குத்தான் போக வேண்டும்.

என்.கே.எக்ஸ்.2-5ஐ முழுக்க நீக்கிய எலிக் கரு ஒன்பது பத்து நாளில், இதயக் குழாய் சரியாக வளையாமலேயே செத்துவிடுகிறது என்று 1995இல் தெரிந்தது. ஒரு பிரதி மட்டும் கெட்ட எலியிலோ லேசான குறைகள்தான். ஒரே பிரதி கெட்ட மனிதரிடம் பெரிய ஓட்டை. இந்த இடைவெளியைத் தாண்டத்தான் குறிப்பிட்ட திசுவில், குறிப்பிட்ட நாளில் மரபணுவை நீக்கும் கிரி-லாக்ஸ் முறை. அதற்கு இரண்டு மூன்று எலி வகைகளைக் கலக்க வேண்டும், ஒவ்வொரு கலப்பிலும் வேண்டிய குட்டி நாலில் ஒன்றோ எட்டில் ஒன்றோதான். கர்ப்பம் மூன்று வாரம், பருவமடைய ஆறு முதல் எட்டு வாரம். மரபணுப் பின்னணியைச் சீராக்கப் பத்துத் தலைமுறை கலக்கச் சொன்னால் இரண்டு வருடம் போய்விடும். ஏற்கெனவே கூண்டில் எலி வகை தயாராக இருக்கும் லேபில் சேர்வதும், முதலிலிருந்து உருவாக்கச் சொல்லும் லேபில் சேர்வதும் ஒன்றல்ல.

நெருங்கிய உறவும் ஏமாற்றும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்க்கான மரபணுவை நீக்கிய எலிகள் 1992இல் வந்தன. மனிதரைக் கொல்வது நுரையீரல் பாதிப்பு, எலிகளோ குடல் அடைப்பில் செத்தன. நிமிடத்துக்கு 500, 600 முறை துடிக்கும் எலியின் இதயத்தை வைத்து மனிதரின் துடிப்புக் கோளாறைப் பேசும்போதும் கவனம் வேண்டும்.

இன்னொன்று: கர்ப்பமான எலியைக் கொன்றுதான் கருவை எடுக்க முடியும். வாரா வாரம் உங்கள் கையால் செய்ய முடியுமா என்பதைச் சேரும் முன்பே யோசியுங்கள். முடியாது என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

## மனித ஸ்டெம் செல்லும் ஆர்கனாய்டும்

யமனாகா 2006இல் எலியின் தோல் செல்லையும் 2007இல் மனிதத் தோல் செல்லையும் கரு நிலைக்கு, அதாவது எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லாக, திருப்பினார். இப்போது நோயாளியின் ரத்தத்திலிருந்தே துடிக்கும் இதயச் செல்களை உண்டாக்கலாம். 2021 முதல் அறை போலக் குழியும் இதய ஆர்கனாய்டுகளும், அதாவது உறுப்பின் சிறு வடிவம்போல வளரும் செல் உருண்டைகளும், இருக்கின்றன.

இது எங்கே தவிர்க்க முடியாதது என்பதற்கு நம் பக்கத்து உதாரணமே உண்டு. மைபி.சி.3 என்ற இதயத் தசை மரபணுவில் 25 எழுத்து விடுபட்ட வடிவம் தெற்காசியர்களில் ஏறக்குறைய 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது. அது பிற்காலத்தில் இதயத் தசை நோய்க்கு வழிவகுப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெருந்துறை தண்டபாணியும் சி.சி.எம்.பி.யின் தங்கராஜும் பிறரும் 2009இல் காட்டினார்கள். விடுபட்டது புரதத்துக்கான பகுதியில்கூட இல்லை, ஆர்.என்.ஏ.விலிருந்து வெட்டி எறியப்படும் பக்கத்து இன்ட்ரானில். அதனால் ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும்போது பிழை வருகிறது. இன்ட்ரான் எழுத்துகள் உயிரிக்கு உயிரி பெரிதும் மாறுபடும். மீனிலோ ஈயிலோ இதை அப்படியே நகலெடுக்க முடியாது. மனிதச் செல்தான் சரியான இடம்.

மூளையிலும் இதே கதை. சி.டி.கே.5.ஆர்.ஏ.பி.2 மரபணு கெட்டவர்களுக்கு மூளை மிகச் சிறிதாகிவிடுகிறது. எலிகளில் அந்தக் கடுமை வரவில்லை. 2013இல் லங்காஸ்டரும் நோப்லிக்கும் நோயாளியின் செல்லிலிருந்து வளர்த்த மூளை ஆர்கனாய்டு சிறுத்தே வளர்ந்தது. மூலச் செல்கள் பெருகும் முன்னரே நரம்பாக மாறிவிட்டதுதான் காரணம் என்று அதில்தான் தெரிந்தது.

செலவோ கூடுதல். ஸ்டெம் செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, நாள்தோறும் ஊடகத்தை, அதாவது செல்லுக்கான ஊட்டத் திரவத்தை, மாற்ற வேண்டும். வளர்ச்சிக் காரணிகள் பெரும்பாலும் இறக்குமதி, குளிர்ச்சி குலையாமல் வந்து சேர வேண்டும். செல்கள் வளர வளர குரோமோசோம் மாறிவிடும், அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். ஒரே நோயாளியின் செல்லில் பிழையைத் திருத்திய ஜோடி இல்லாமல் ஒப்பிட்டால், இரண்டு மனிதருக்கிடையே உள்ள சாதாரண வேறுபாட்டையே நோய் என்று எண்ணிவிடுவீர்கள். ரத்த ஓட்டம் கிடையாது, வால்வு உருவாக ரத்த ஓட்டத்தின் உரசலே தேவை. கிடைக்கும் இதயச் செல்களும் கருவிலுள்ள குழந்தையின் செல்லைப் போலத்தான், முதிர்ந்தவை அல்ல. "விலங்கே இல்லாத ஆய்வு" என்று விளம்பரம் செய்பவர்களுக்கு ஒரு செய்தி: ஆர்கனாய்டை ஊன்றி வளர்க்கும் மேட்ரிஜெல், எலிப் புற்றுக்கட்டியிலிருந்து எடுப்பது.

## ஒரே பார்வையில்

| | தலைமுறை | இதயம் | விலங்கு நெறிமுறை அனுமதி | உறைய வைத்துச் சேமிப்பு | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| புழு | 3 நாள் | இல்லை | வேண்டாம் | எளிது | உறுப்புக் கேள்விகளுக்கு எட்டாது |
| பழ ஈ | 10 நாள் | குழாய் | வேண்டாம் | வழக்கத்தில் இல்லை | குப்பி மாற்றும் உழைப்பு |
| ஜீப்ரா மீன் | 3 மாதம் | 2 அறை | வேண்டும் | விந்தணு மட்டும் | தண்ணீர் அமைப்பு, இரட்டை மரபணுக்கள் |
| சுண்டெலி | 2½–3 மாதம் | 4 அறை | வேண்டும் | விந்தணு, கரு | கலப்புக் கணக்கு, கூண்டுச் செலவு |
| மனிதச் செல் | பொருந்தாது | செல், சிறு குழி | மனித ஆய்வு, ஸ்டெம் செல் குழுக்கள் | எளிது | ஊடகம், குரோமோசோம் சோதனை |

## அப்படியானால் எதில் சேர்வது

யார் யாருக்கு உத்தரவு போடுகிறார்கள் என்று தெரியாத புதிய மரபணுவா? ஈ. இரண்டு லேப்களும் சமமாகத் தோன்றி, கேள்வி இன்னும் தெளிவாகாதவருக்கும் நான் ஈயைத்தான் சொல்வேன். தப்பான கருதுகோளை இரண்டு மாதத்தில் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம், எலியில் அதைக் கண்டுபிடிக்கவே இரண்டு வருடம் ஆகும்.

செல்கள் நகர்வது, வால்வு, ரத்தநாளம், திசு மீண்டும் வளர்வது, அல்லது ஆயிரம் கருக்களில் மருந்தைச் சோதிப்பது என்றால் மீன். சுவர், நஞ்சுக்கொடி, தாயின் சர்க்கரை நோய் கருவைப் பாதிப்பது போன்றவற்றுக்கு எலி, அதுவும் வேண்டிய வகை கூண்டில் தயாராக இருந்தால். மனிதரிடம் மட்டும் உள்ள மரபணு வடிவம் என்றால் மனிதச் செல், ஆனால் ஸ்டெம் செல் கைப்பழக்கம் உள்ள ஒரு மூத்த மாணவராவது அந்த லேபில் இருக்க வேண்டும். தனியாகக் கற்றுக்கொண்டு தொடங்கினால் முதல் வருடம் செல் செத்தே போய்விடும்.

ஈயில் மரபணுவைப் பிடித்து, கூட்டாளி லேபில் மனிதச் செல்லில் சரிபார்க்கும் இரட்டை ஏற்பாடு கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. ஆனால் கூட்டாளி யார், செல்லை யார் வளர்ப்பார், கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு என்று முன்பே பேசிவிடுங்கள்.

லேபைப் பார்க்கப் போகும்போது வழிகாட்டியிடம் ஆய்வுத் தலைப்பைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். மூத்த மாணவர்களைத் தனியாகப் பிடித்து மூன்று விஷயம் கேளுங்கள். கடைசியாக வந்த நெறிமுறை ஒப்புதலுக்கு எத்தனை மாதம் ஆனது? ஜெனரேட்டர் எந்தெந்தக் கருவிக்கு இணைத்திருக்கிறார்கள்? பொங்கலுக்கு ஊருக்குப் போனால் உங்கள் குப்பியையோ தொட்டியையோ யார் பார்ப்பார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரத் தாமதமானால், அந்த லேபில் நாலு பொங்கலுக்கு நீங்கள் ஊருக்குப் போகப்போவதில்லை.